ஆடி மாதச் சரக்கு

மாதேசு, பம்பாயிலிருந்து நீ போட்ட காகிதம் கிடைத்தது. நான் சொல்லச் சொல்ல உன் பெண்டாட்டி சரசு இதை எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் நன்றாக இராது என்று பள்ளிக்கூடத்துத் தமிழில் மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். வசவை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஆறாம் மாதம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். ஊதுபத்தி உருட்ட அவளை விடுவதில்லை, கரித்தூள் நெஞ்சில் இறங்குகிறது. நான் மட்டும் உருட்டுகிறேன். மைசூரில் அரிசிக்கு வரிசையில் நிற்கிறோம். கிடைக்கிற அரிசியில் பாதி கல், மீதிக் கல்லில் கொஞ்சம் அரிசி. சண்டை எங்கேயோ நடக்கிறது, கல் பொறுக்குவது நாங்கள்.

நீ எழுதியிருப்பது இதுதான். சண்டை வந்ததில் புகைக்கப்பல்களை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. துறைமுகத்தில் சரக்கு மலைபோலக் கிடக்கிறது, ஏற்றிப்போக ஆளில்லை. நேற்றுவரை விறகுக்கும் ஆகாது என்று ஒதுக்கிய பாய்மரக் கப்பல்களை இன்று மாலை போட்டு அழைக்கிறார்கள். பேப்பூர்க் கரையில் உன் அப்பாவின் உரு ஓலை மூடிக் கிடக்கிறது. உரு என்று எழுதினால் புரியுமா என்று சரசு கேட்கிறாள். மலையாளக் கரையில் பெரிய பாய்மரக் கப்பலை அப்படித்தான் சொல்வார்கள், கப்பல் கூலிக்குப் போனவனுக்குப் புரியாதா? ஆவணியில் கடல் திறந்ததும் அதைச் செப்பனிட்டுத் தண்ணீரில் இறக்கி நீயே ஏறிப் போகப்போகிறாய். ஆனால் என் வாய் வார்த்தை இல்லாமல் அந்தக் கட்டையில் யாரையும் கைவைக்க விடாமல், அதைப் பழைய நாளில் ஓட்டிய ஆலிக்குட்டி காவல் கிடக்கிறான். அவனுக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்பது அவ்வளவுதான். “அப்பா செஞ்ச தப்பு நாளு பாத்ததுல. நான் அந்தத் தப்பப் பண்ண மாட்டேன்மா” என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் சரசுவை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். உன் அப்பா எதனால் செத்தார் என்பது உனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. நீ கேட்ட அந்த வார்த்தையைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலிருந்துதான் வருவேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன். பாதியில் மடக்கிப் பையில் வைக்காதே.

உன் அப்பாவுக்கு மாடு தெரியும். அதை நான் மறுக்கமாட்டேன். மாட்டுச் சந்தைக்கு அவர் போனால் தரகர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள், இந்த ஆளிடம் பொய் சொல்ல முடியாது என்று. சுழி பார்ப்பார், குளம்பு பார்ப்பார், மாட்டின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு அது தோலை எப்படிச் சிலிர்க்கிறது என்று பார்ப்பார். ஒருமுறை எங்கள் அப்பா வாங்கிய மாட்டைப் பார்த்து, “மாமா, இது ஒழவுக்கு ஆவாதுங்க, ஆனா கலியாணத்துக்குக் கூட்டீட்டுப் போலாம், அழகா இருக்குது” என்றார். அப்பா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த மாடு உழவுக்கு ஆகவும் இல்லை. கொள்ளேகாலிலிருந்து குண்டலுபேட்டை, அங்கிருந்து மலை இறங்கிக் கோழிக்கோடு வரைக்கும் அவர் வண்டி போகும். போகும்போது மிளகாய், புளி, கடலை. வரும்போது கருவாடு, தேங்காய், உப்பு. அவர் வீட்டுக்கு வந்தால் நாற்றத்தைக் கொண்டே எத்தனை தூரத்தில் வருகிறார் என்று சொல்லிவிடுவேன். அந்த வண்டியில் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். வாய்க்கால் பாயும் வயல் ஒன்று இருந்தது. காவிரித் தண்ணீர். இரண்டு போகம்.

அப்படி இருந்த மனிதர் ஒரு தடவை கருவாடு இல்லாமல் வந்தார். வண்டி காலி. முகம் மட்டும் நிறைந்து கிடந்தது. “ஏ புள்ள, ஒரு கப்பல் பாத்துட்டு வந்திருக்கறேன்” என்றார், பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி. பேப்பூரில் ஒரு கிழவர், கோயா என்று கூப்பிடுவார்கள், நான்கு உருக்கள் வைத்திருந்தவர், ஒன்றொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். கடைசி ஒன்று மிஞ்சியிருந்தது. அதை வண்டிக்காரன் வாங்குகிற விலைக்குச் சொன்னாராம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவர் காசு கொடுத்து வாங்கியதையும் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்பதை அந்த உருவின் தண்டல், அதுதான் கப்பலை ஓட்டுகிற தலைவன், ஆலிக்குட்டி எனக்குப் பிற்பாடு சொன்னான். முன்பக்கமாகப் போய் நின்று நெற்றியைத் தடவினாராம். பலகையில் எங்கே முடிச்சு, எங்கே சுழி என்று விரல் வைத்துப் பார்த்தாராம். பின்னால் போய் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாராம். “மூத்திரம் மட்டும் மோந்து பாக்கலம்மா” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பெல்லாம் அப்போது இருந்தது.

உரு நல்ல உருதான். தேக்கு. அதில் அவர் ஏமாறவில்லை. மாட்டைப் பார்த்தவர், அதை விற்கிறவன் ஏன் விற்கிறான் என்று பார்க்கவில்லை. சந்தையில் அதைத்தான் முதலில் கேட்பார். “நல்ல மாடுன்னா எதுக்குய்யா ஓட்டீட்டு வந்தே?” என்று கேட்டுத் தரகனை முழிக்க வைத்தவர். கடலைப் பார்த்ததும் அந்தக் கேள்வி தொண்டையில் உப்புக் கரித்துப் போய்விட்டது. கோயாவுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் சரியில்லை, அதனால் விற்கிறார் என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டார். பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். ஒருவன் புகைக்கப்பல் ஆபீசில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். அதைக் கண்ணால் பார்த்தும் இவருக்கு விளங்கவில்லை. வயலை விற்றார். நான் அழுதேன். “ஒரு காணி நெலம் அசையாமக் கெடக்கும் புள்ள, இது ஊரூராப் போயிச் சம்பாரிச்சுட்டு வரும்” என்றார். அசையாமல் கிடப்பதுதான் நிலத்துக்கு அழகு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லத் தெரிகிறது. கேட்பதற்கு அவர் இல்லை.

உன்னைக் கொள்ளேகாலில் நாச்சிமுத்து மாமன் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பேப்பூருக்குக் குடிபோனோம். நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது வண்டியின் பின்பக்கத்திலிருந்து. வானம்தான் கீழே இறங்கி நிற்கிறது என்று நினைத்தேன். அவர் ஒரு கை அள்ளி வந்து நாக்கில் வைத்தார். துப்பினேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த வருடமே உருவின் பழைய பாய்மரம் விரிசல் விட்டது. வேறு மரம் அந்தக் கரையிலேயே கிடைக்கும், கல்லாயிக் கிடங்கில் அடுக்கியிருப்பார்கள். இவர் கேட்கவில்லை. நம் பக்கத்துக் காட்டு மரம்தான் வேண்டும் என்று குண்டலுபேட்டைக்கு வந்து ஏலத்தில் ஒரு நெட்டை மரத்தை எடுத்து, முன்வண்டி ஒன்று, பின்வண்டி ஒன்று, நடுவில் மரம், அப்படிக் கட்டி மலையிறக்கத்தில் கொண்டுவந்தார். ஒவ்வொரு வளைவிலும் பின்வண்டியை ஆட்கள் கையாலேயே தூக்கித் திருப்ப வேண்டும். வழியில் எதிரே வந்த மோட்டார்காரன் ஒருவன் நாளெல்லாம் ஒதுங்கி நின்றானாம். “வெளக்கெண்ணெ குடிச்சவனாட்டம் நின்னான்” என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அந்த மோட்டார் லாரி ஒரு நாள் தன் வண்டியையும் தின்னும், அதன் அண்ணன்தான் கடலில் புகை விட்டுக்கொண்டு போகிறான் என்று அவருக்குத் தோன்றவில்லை. மரத்தை நட்டுப் பாயைக் கட்டியதும் அண்ணாந்து பார்த்தார். “நம்ம காட்டு மரம் கடலப் பாக்குது பாரு” என்றார். அன்றைக்கு மட்டும், மாதேசு, எனக்கும் கொஞ்சம் நன்றாக இருந்தது.

முதல் இரண்டு பருவம் ஓடு, தேங்காய், மரம் என்று ஏதோ கிடைத்தது. பிறகு இளைத்தது. புரட்டாசியிலிருந்து சித்திரை வரைக்கும் கடல் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். அந்த மாதங்களில் புகைக்கப்பல் வெளியே வந்து நங்கூரம் போடும். தோணிகள் போய்ச் சரக்கைக் கொட்டிவிட்டு வரும். எங்கள் உரு ஆற்றில் வயிறு ஒட்டி நிற்கும். இவர் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு பண்டகசாலை பண்டகசாலையாக ஏறுவார். சந்தையில் தரகர்களை ஓட்டிய மனிதர், கணக்கப்பிள்ளைகளுக்கு முன்னால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் நானும் வாசலில் நின்று கேட்டேன்.

“உங்க கப்பல் பம்பாய்க்கு எந்தத் தேதிக்குப் போயிச் சேரும்னு எழுதிக் குடுப்பீங்களா?” என்று கேட்டான் ஒரு கணக்கப்பிள்ளை.

“காத்து எனக்கு எழுதிக் குடுத்தா, நானு உங்களுக்கு எழுதிக் குடுக்கறனுங்க.”

“அப்ப காத்துகிட்டயே சரக்குக் கேளுங்க.”

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். ஒரு மனிதரை அடித்தால்கூட எழுந்துவிடுவார், மாதேசு. சிரித்து அனுப்பினால் அவர் எதையாவது செய்து காட்டத் தேடுவார். நீ எங்கே போனாலும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறவனிடம் எதையும் நிரூபிக்கப் போகாதே. இதை உனக்குச் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறது, அந்த நிரூபணத்தில் தாலியறுத்தவள் நான்.

இப்போது அந்த ஆடிக்கு வருகிறேன். நம் பக்கம் ஆடி என்றால் என்ன? வெறுங்காலோடு வயலில் நிற்கிறவனுக்கு அதைவிட நல்ல மாதம் உண்டா? பதினெட்டாம் பெருக்கன்று காவிரி நுரைத்துக்கொண்டு வருவாள். கலந்த சோறு கட்டிக்கொண்டு போய், காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வருவோம். அன்றைக்கு எதைத் தொடங்கினாலும் பெருகும். விதை போட்டால் பெருகும், பெண் கேட்டால் பெருகும், கன்று வாங்கினால் பெருகும். உன் அப்பா அதில் பிறந்து வளர்ந்தவர். மலைக்கு அந்தப்பக்கம் அதே மாதத்துக்குக் கர்க்கடகம் என்று பெயர். அதைச் சொல்லும்போதே அந்தக் கரைக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கடல் அடைத்துவிட்டது என்பார்கள், கதவு அடைத்தது மாதிரி. உருக்களை எல்லாம் இழுத்து ஓலை மூடிவிட்டு வலை பின்னிக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டு கிடப்பார்கள். மலைமேல் பெய்கிற மழை ஒன்றுதான். கிழக்கே ஓடினால் காவிரிப் பெருக்கு. மேற்கே ஓடினால் ஆற்றுவாயில் சுவர் மாதிரி எழும்பும் அலை. நமக்குக் கொடுத்த கையாலேயே அவர்களுக்கு அடைக்கிறது. இது மலைக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் இரண்டு பக்கமும் வாழ்ந்தும் ஒரு பக்கத்தை மட்டும்தான் கண்ணில் வைத்திருந்தார்.

அந்த ஆடியில் ஒரு அரிசி வியாபாரி ஆள் அனுப்பினான். அவன் கிடங்கு ஒழுகி அரிசி நனைந்துகொண்டிருந்தது. கண்ணூரில் அரிசி இல்லாமல் விலை ஏறிக்கிடந்தது. புகைக்கப்பல் அந்த மாதத்தில் இந்தக் கரைப் பக்கமே எட்டிப்பார்க்காது. இப்போது யார் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்களோ, அவர்களுக்கே வருகிற பருவம் முழுக்கச் சரக்கு என்றானாம். உன் அப்பா துள்ளிக்கொண்டு வந்தார். பதினெட்டாம் பெருக்கன்று இறக்குகிறோம் என்றார். ஆலிக்குட்டி மழையில் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றான்.

“மொதலாளி, கர்க்கடகம் கழியட்டும். ஆத்துவாய்ல மணல் திட்டு எங்க இருக்குன்னு படச்சவனுக்குத்தான் தெரியும். நாளுக்கு நாள் மாறுது.”

“ஆலிக்குட்டி, எங்கூருல இன்னைக்குப் போட்ட வெதை எதும் வீணாப் போனதில்லை.”

“வெதையப் போடுங்க மொதலாளி. ஆளப் போடாதீங்க.”

“பயந்தாங்கொள்ளி.”

“ஆமா, பயமுள்ளவன்தான். அதான் தாடி நரைக்கிற வரைக்கும் இருக்கேன்.”

நானும் சொன்னேன். கலந்த சோறு கிளறிக்கொண்டே சொன்னேன். “ஏனுங்க, இது நம்ம ஆறு இல்லீங்க. இதுக்கு நம்மளத் தெரியாதுங்க.” சிரித்தார். அந்தக் கணக்கப்பிள்ளை வாசலிலிருந்து இறங்கி வந்த அதே சிரிப்பு. ஆலிக்குட்டி ஏறவில்லை. அவன் தம்பி மொய்தீன் ஏறினான். அவன் வீட்டில் அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது. அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான், தம்பி உதறினான். “கரையில இருந்தா மட்டும் சாகாம இருப்பனா இக்கா?” என்று கேட்டான். இன்னும் மூன்று பேர் அதே பசியில் ஏறினார்கள். அரிசி ஏற்றியாயிற்று. உன் அப்பா உருவின் நெற்றிக்குச் சந்தனம் வைத்துத் தேங்காய் உடைத்தார். ஆறு தானாகவே உருவை இழுத்துக்கொண்டு போயிற்று. “பாத்தியா, காவேரியாட்டம் கூட்டீட்டுப் போறா!” என்று கத்தினார். அதுதான் நான் கேட்ட கடைசி வார்த்தை. ஆற்றுவாயில் ஆற்று வெள்ளமும் கடலும் முட்டிக்கொள்கிற இடத்தில் உரு தரை தட்டி நின்றது. நம் காட்டு மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய் தண்ணீரில் படுத்தது. கரையிலிருந்தே பார்த்தோம். கூப்பிடு தூரம். இரண்டு பேரைக் கடல் உயிரோடு துப்பியது. உன் அப்பாவையும், மொய்தீனையும், இன்னொருவனையும் திருப்பித் தரவில்லை. மறுநாள் உருவை மட்டும் கரைமேல் தூக்கிப்போட்டது. மரம் ஒடிந்திருந்தது. அடிக்கட்டையில் ஒரு கீறல் இல்லை. ஆளை எடுத்துக்கொண்டு கட்டையைத் திருப்பிக் கொடுத்தது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தருவது என்று அதற்கும் தெரியவில்லை.

சரசு எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துகிறாள். சிந்தட்டும். நான் அழுது தீர்ந்தாயிற்று, எனக்கு இதில் கோபம் மட்டும்தான் மிச்சம். நீ சொல்கிறாய், நாள் பார்த்ததுதான் தப்பு என்று. ஊரிலும் அப்படித்தான் பேசுகிறார்கள், ஆடிப்பெருக்கை நம்பிக் கெட்டான் என்று. பாவம், பெருக்கு என்ன செய்தது? அந்தச் சரக்கு தை மாதத்தில் வந்திருந்தால் அவர் ஆடியில் போயிருப்பாரா? தை மாதச் சரக்கு எல்லாம் புகைக்கப்பலுக்கு. வெயில் அடிக்கிற, காற்று தடவிக்கொடுக்கிற மாதத்துச் சரக்கெல்லாம் அவர்களுக்கு. அவர்கள் தொடாத ஆடி மாதச் சரக்குத்தான் இவருக்கு மிஞ்சியது. நாளை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, மாதேசு. மிச்சம் கிடந்ததை எடுத்துக்கொண்டு அதற்கு நல்ல நாள் என்று பெயர் வைத்தார். தோற்றுக்கொண்டிருக்கிற தொழிலில் இருக்கிறவனுக்கு எல்லா வேலையும் இப்படித்தான் வரும். எவனாவது உன்னைத் தேடி வந்து வேலை கொடுத்தால், எவ்வளவு தருவான் என்று பிறகு கேள். இதற்கு முன் இதை எவன் வேண்டாம் என்றான், ஏன் என்றான், அதை முதலில் கேள். இப்போது உனக்கு வருகிற சரக்கு என்ன? தண்ணீருக்கு அடியில் ஒளிந்து நின்று கப்பலை உடைக்கிறார்களாமே, அதற்குப் பயந்து புகைக்கப்பல் போகாத வழிக்கு உன்னைக் கூப்பிடுகிறார்கள். சண்டை முடிந்த மறுநாள் புகைக்கப்பல் திரும்பி வரும். உனக்கு மாலை போட்டவனே உன்னிடம் தேதி எழுதிக் கேட்பான். ஆவணியில் இறக்கினாலும் அது ஆடி மாதச் சரக்குத்தான்.

இதுவரைக்கும் உனக்குப் பாதியாவது தெரிந்த கதை. இனிச் சொல்வது சரசுவுக்கும் தெரியாது. உன் காகிதம் வந்த வாரம் நாச்சிமுத்து இப்போது குடியிருக்கிற அனூருக்குப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன், நான் அனூருக்குப் போகவில்லை. நாச்சிமுத்துவை மைசூருக்கு வரவழைத்து, அவனையும் கூட்டிக்கொண்டு பேப்பூருக்குப் போனேன். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிறது. பின்னால் ஒரு அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஏற்றம் வந்தால் கண்டக்டர் இறங்கிக் கரியைக் கிண்டுவான், நாங்கள் இறங்கித் தள்ளுவோம். “ஏனக்கா, ஊதுபத்தி உருட்டறதுக்கு இந்தக் கரியக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கறதுதானே?” என்றான் நாச்சிமுத்து. அவனுக்கு வயதுதான் ஏறியிருக்கிறது. குண்டலுபேட்டையில் கண்டக்டர் “இளீரி, இளீரி” என்று எல்லோரையும் இறக்கிவிட்டான். அன்று வண்டி அதற்கு மேல் போகவில்லை. மறுநாள்தான் மலையிறங்கினோம்.

ஆலிக்குட்டிக்குக் கண் ஒன்று மங்கிவிட்டது. தாடி வெள்ளை. இத்தனை வருடமும் மழைக்கு முன்னால் ஓலை மாற்றி, மீன் எண்ணெய் தடவி, அந்த உருவை வைத்திருக்கிறான். எதற்கு என்று கேட்டேன். “எந் தம்பிக்கு அடக்கின கபர் இல்லைம்மா. வெள்ளிக்கிழமை எங்க போயி உக்காருவேன்? இதும் பக்கத்துல உக்காருவேன்” என்றான். ஓலையை விலக்கிக் காட்டினான். நீ சொன்னது சரிதான், மாதேசு. நல்ல கட்டை. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், அடிக்கட்டை உளுத்துவிட்டது, பலகை மக்கிவிட்டது என்று எழுதினால் நீ நம்பியிருப்பாய், எனக்கும் பழி இல்லை. பலகை மணி மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்தேன். உன் அப்பா மாதிரியே காதை வைத்துக் கேட்டேன்.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே தொப்பி போட்ட ஒரு ஏஜெண்டு வந்தான். கரையில் கிடக்கிற உருக்களை எல்லாம் கணக்கெடுத்துக்கொண்டு போகிறான். “மகன் பம்பாய்ல இருந்து வரப்போறாராமே? சீக்கிரம் வரச் சொல்லுங்கம்மா. இப்ப மரக்கப்பலுக்குத்தான் காலம். குண்டு வைக்கிறவன் மரத்தத் தொடமாட்டான், அது அவனுக்குக் கேவலம்” என்றான்.

“அப்பிடியா?” என்றான் ஆலிக்குட்டி. “போன மாசம் இங்கருந்து ஒரு உரு போச்சே, இன்னும் வரலியே. அது கேவலப்பட்டுட்டு எங்கயாவது ஒளிஞ்சுட்டு நிக்குதோ?”

ஏஜெண்டு அவனை முறைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “தாயி, நீங்க சொல்லுங்க.”

“அந்த வழியில நீங்க ஏறிப் போவீங்களாங்க?” என்று கேட்டேன்.

“எனக்குக் கரையில வேலைம்மா.”

அவன் போன பிறகு நான் மணலில் உட்கார்ந்துகொண்டேன். நீ சின்ன வயதிலிருந்தே ஒன்றை நினைத்தால் விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று நான் எழுதினால் நீ நேரில் வந்து நிற்பாய். “அம்மா, அம்மா” என்று பின்னாலேயே சுற்றுவாய். நான் இளகிவிடுவேன். உன் அப்பாவிடம் “நம்ம ஆறு இல்லீங்க” என்று சொன்னேனே, அதற்குமேல் என்ன செய்தேன்? சோறு கட்டிக்கொடுத்தேன். இந்தத் தடவை சொல்வதோடு நிற்கிற தைரியம் எனக்கு இல்லை. நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை ஆலிக்குட்டியிடம் சொன்னேன். “பிரிச்சுப்போடு” என்றேன்.

அவன் தானே போய் மீதி ஓலையை இறக்கி, ஒவ்வொன்றாக மடித்து, ஓரமாக அடுக்கினான், மறுபடி வேண்டியிருக்கும் என்பது போல. கல்லாயிலிருந்து மரக்காரர்கள் வந்தார்கள். முதல் பலகையைப் பெயர்க்க அவர்களால் முடியவில்லை. அத்தனை இறுக்கம். ஆலிக்குட்டிதான் எங்கே ஆணி, எங்கே கட்டு என்று கை வைத்துக் காட்டினான். காட்டும்போது வாயில் என்னவோ ஓதிக்கொண்டிருந்தான். நான் இருந்து பார்த்தேன். கடைசிப் பலகை வரைக்கும் இருந்து பார்த்தேன். மரக்காரர்கள் கொடுத்ததை மொய்தீன் பெண்டாட்டியின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். அந்தப் பலகைகள் யார் வீட்டுக்காவது கதவாகும், கட்டிலாகும். ஒரு இடத்தில் அசையாமல் கிடக்கும். ஆலிக்குட்டி வெள்ளிக்கிழமை எங்கே போய் உட்காருவான் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது. உன் வாழ்வைக் கெடுத்த பாவமும், அப்படி நீ நினைத்தால், என்னையே சேரட்டும். சண்டைச் சரக்கில் நீ ஜெயித்திருக்கலாம். பாதிப் பேராவது ஜெயிப்பார்கள். மீதிப் பாதியை நான் ஒருமுறை கரையில் நின்று பார்த்திருக்கிறேன்.

பேப்பூருக்குப் போகாதே. அங்கே மணல்தான் இருக்கிறது. பம்பாயில் கூலிக்கு மூட்டை தூக்குகிறாய், அதையே தூக்கு. கேவலம் இல்லை. இல்லாவிட்டால் மைசூருக்கு வந்து பிள்ளையைப் பார்.

சரசு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “அத்தே, என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க! அவுரு இனி உங்ககூடப் பேசவே மாட்டாருங்க. உங்க முகத்துலயே முழிக்க மாட்டாரு” என்கிறாள்.

“பேசாட்டிப் போறான், அம்மிணி. பேசாம இருக்கறதுக்கும் ஆளு இருக்கோணுமில்ல? அதையும் எழுது” என்றேன். எழுதுகிறாள்.